படத்தில் விழுந்த தோடு

போன வருஷம் தலைச்சுத்தல்னு ஒரு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்தாங்க. மூணு வயசுப் பொண்ணு, பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குள்ள கருவி வைக்கப் போறாங்களாம். உள்ள எலும்பு எப்படி இருக்கு, நரம்பு எங்க ஓடுது, டாக்டருக்கு வேலை சுலபமா கஷ்டமான்னு முன்கூட்டியே பார்க்கத்தான் இந்தப் படம்னு அந்தப் பிள்ளையோட அம்மா எனக்கு விளக்கமா சொன்னாங்க. நான் தலையாட்டிக் கேட்டுக்கிட்டேன். ஆயுசுல பாதி அந்த வேலையத்தான் பார்த்தேன்னு அவங்ககிட்ட சொல்லல.

படம் எடுக்கிற பொண்ணு வெளிய வந்தா. பிள்ளை காதைப் பார்த்துட்டு, "தோட்டைக் கழட்டிடுங்க அக்கா"ன்னா. "திருகு இறுகிப் போயிருக்கு, அப்படியே எடுக்க முடியாதா லா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "முடியாது"ன்னா அவ. கோபமும் இல்ல, சிரிப்பும் இல்ல. கீழ உட்கார்ந்து, பிள்ளைக்கு ஏதோ வேடிக்கை காட்டிக்கிட்டே ரெண்டு தோட்டையும் கழட்டி அம்மா கையில வச்சுட்டுப் போயிட்டா. ஒரு நிமிஷம்கூட ஆகல. எனக்குத் தலைச்சுத்தல் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமப் போனவ நான்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில. அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் சீவினவங்க. எப்படியோ முட்டி மோதிப் படிச்சு, எழுபதுகள்ல ஈப்போ பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலையில சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். எனக்கு மூக்கு மேல கோபம், வாயும் கொஞ்சம் நீளம். "மூச்சை அடக்கு"ன்னு நான் சொன்னா கடைத்தெரு சீன முதலாளி தவுக்கேயும் அடக்குவார், தோட்டத்துக் கங்காணி மண்டோரும் அடக்குவார். சங்கிலி, தாயத்து, அரைஞாண், பொய்ப்பல்லு, எதுவா இருந்தாலும் என் அறைக்குள்ள வந்தா கழட்டித்தான் ஆகணும். ஒரு பெரிய போலீஸ்காரரையே பெல்ட்டைக் கழட்ட வச்சு, கால்சட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்க வச்சிருக்கேன். அப்படிப்பட்டவ ஒரு எட்டு வயசுப் பிள்ளையோட தோட்டுக்கு முன்னால கோழையாப் போயிட்டேன்.

அந்தக் காலத்தில தோட்டத்துப் பிள்ளைங்களுக்குக் காதில சீழ் வடியறது சர்வ சாதாரணம். தோட்டத்து மருந்தகத்தில ஒரு டிரஸ்ஸர் இருப்பார், அவர் சொட்டு மருந்து கொடுப்பார். மருந்து தீர்ந்தா தேங்காயெண்ணெய். வருஷக்கணக்கா வடியும். நாத்தம் வந்தா பள்ளிக்கூடத்தில பக்கத்தில உட்கார மாட்டாங்க, அவ்வளவுதான். அது எலும்பை அரிச்சுக்கிட்டே உள்ள போகுதுன்னு யாருக்குத் தெரியும்? காதுக்குப் பின்னால வீங்கி, காய்ச்சல் வந்து, பிள்ளை தலையைத் தூக்க முடியாமப் போனப்புறம்தான் எங்ககிட்டத் தூக்கிட்டு வருவாங்க.

எங்க காது டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். மெலிஞ்ச மனுஷர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். கத்தியை எடுக்கிறதுக்கு முன்னால அவருக்குப் படம் வேணும். காதுக்குப் பின்னால இருக்கிற எலும்பு, நல்லா இருக்கிற பிள்ளைக்குத் தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும். சீழ் பிடிச்சு நாளானா இறுகிக் கல்லாயிடும். கல்லாயிட்டா உள்ள போறவருக்குத் திசை தெரியாது. அதனால ரெண்டு விஷயம் படத்தில பார்ப்பார். மேல மூளை எவ்வளவு தாழ்வா உட்கார்ந்திருக்கு, பின்னால தலையிலிருந்து ரத்தத்தை இறக்குற பெரிய நாளம் எவ்வளவு முன்னால வந்திருக்கு. நாளம் பின்னால ஒதுங்கியிருந்தா அவரே செய்வார். முன்னால தள்ளி வந்திருந்தா தொடவே மாட்டார், கோலாலம்பூருக்கு அனுப்பிடுவார். அங்க பூதக்கண்ணாடி வச்ச மெஷினும் அதுல பழகின கையும் இருந்துச்சு. இங்கயா அங்கயான்னு முடிவு பண்றது நான் எடுக்கிற படம்தான். அதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கர்வமும் உண்டு.

எழுபதுகளோட நடுவில ஒரு நாள் காலையில அந்தப் பிள்ளை வந்தா. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டம். அம்மா மட்டும்தான் கூட வந்திருந்தாங்க, என் வயசுதான் இருக்கும், ரெண்டு மூணு வயசு கூட இருக்கலாம். பிள்ளைக்கு வலது காதில சின்ன வயசிலிருந்தே சீழ். இப்ப காதுக்குப் பின்னால சிவந்து வீங்கி, உடம்பு அனலாக் கொதிச்சுது. இடது காது நல்லாத்தான் கேட்டுது. காய்ச்சலோட காய்ச்சலா, "இந்த மெஷின் கடிக்குமா?"ன்னு எங்கிட்டக் கேட்டா. "நான்தான் கடிப்பேன், மெஷின் சாது"ன்னேன். சிரிச்சா. அந்தக் குரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, கொஞ்சம் கரகரன்னு, பெரிய மனுஷி மாதிரி.

ரெண்டு காதிலயும் தோடு. அந்தச் சின்னக் காதுக்குப் பெருசு. ஆறு இதழ், நட்சத்திரம் மாதிரி. பின்னால திருகு அவிழாம இருக்க மஞ்சள் நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டிருந்தாங்க.

"அக்கா, தோட்டைக் கழட்டுங்க"ன்னேன்.

அந்தம்மா சட்டுனு பிள்ளையோட காதைக் கையால மூடிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற பொண்ணுங்க எல்லாருமே அவங்களுக்கு மிஸ்ஸிதான். "மிஸ்ஸி, இது வேண்டுதல் தோடு மிஸ்ஸி. இவ காது சரியாகணும்னு எங்க தோட்டத்து ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டு, கோயில்ல வச்சுப் போட்டது. சரியானா நானே கழட்டி உண்டியல்ல போடுறேன்னு சொல்லியிருக்கேன். சரியாகாம கழட்டக் கூடாது. கழட்டினா பிள்ளைக்கு ஆகாது."

தோட்டத்தில எல்லாரும்தான் வேண்டிக்குவாங்க. எனக்குத் தெரியாததா? எங்க அறையில உதவிக்கு இருந்தவர் ஒரு மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர், அபாங்னு கூப்பிடுவேன். அவர் மேசைக்குள்ளிருந்து குறடை எடுத்துட்டு வந்து நின்னார். "புக்கா லா. நாந்தி சூசா"ன்னார். கழட்டிடு, இல்லாட்டி அப்புறம் தொல்லைன்னு. அவருக்கு அது ஒரு உலோகத் துண்டு. அவர் நினைச்சதுதான் சரி. எனக்குத்தான் அது வேற என்னென்னவோவா இருந்துச்சு.

சொல்லிடுறேன். எனக்கு ஒன்பது வயசா இருக்கிறப்ப எங்கப்பா வேதத்தில சேர்ந்தார். நகை போடக் கூடாதுங்கிற சபை. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சபையிலிருந்து ஒரு அம்மா எங்க லயத்து வீட்டுக்கு வந்து, என்னை மடியில உட்கார வச்சு, என் தோட்டைக் கழட்டினாங்க. நல்லவங்கதான், ஜெபம் பண்ணிக்கிட்டேதான் கழட்டினாங்க. நான் கத்தின கத்தல்ல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னாங்க. கொஞ்ச நாள்ல துளை மூடிப் போச்சு. பள்ளிக்கூடத்தில "மூளிக் காது"ன்னு கூப்பிட்டாங்க. சாமியைப் பத்தி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா அந்தம்மாவோட விரல் என் காதில திருகினதை மட்டும் நான் மன்னிக்கவே இல்ல. இப்ப அந்த விரல் என்னோடதா ஆகணும்னா என்னால முடியல. அதுவும் நான் வேதக்காரி. சாமி தோட்டைக் கழட்டினது ஒரு வேதக்காரின்னு அந்தத் தோட்டம் பூரா பேசுமேன்னு வேற பயம்.

"சரி, இருக்கட்டும்"னேன். அபாங் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுக் குறடைத் திரும்ப உள்ள வச்சார்.

தோடு இருந்தாலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. காதை முன்பக்கமா மடிச்சு, பிளாஸ்டர் போட்டு கன்னத்தோட ஒட்டிட்டா தோடு எலும்பைவிட்டு விலகிப் போயிடும். இடது காதை அப்படித்தான் எடுத்தேன், அருமையா வந்துச்சு. வலது காதைத் தொட்டதும் பிள்ளை அலறினா பாருங்க, அந்த அறையே அதிர்ந்துச்சு. அந்தம்மாவும் அழ ஆரம்பிச்சாங்க. காதை மடிக்காம அப்படியே படுக்க வச்சு எடுத்தேன்.

இருட்டறையில மருந்துத் தொட்டியிலிருந்து படத்தைத் தூக்கினதுமே தெரிஞ்சுது. இறுகிப் போன எலும்பு, அதுக்குப் பின்னால, சரியா நாளத்தோட முன்விளிம்பு தெரிய வேண்டிய இடத்தில, வெள்ளை வெளேர்னு ஒரு நட்சத்திரம். வேற யாராவது இப்படி ஒரு படத்தை எடுத்துட்டு வந்திருந்தா நான் கிழிச்சுப் போட்டிருப்பேன்.

டாக்டர் ஈரப்படத்தையே விளக்குப் பெட்டியில மாட்டிப் பார்த்தார்.

"இதென்ன?"

"தோடு, டாக்டர்."

"ஏன் கழட்டேல்லை?"

"வேண்டுதல் தோடாம். அம்மா விடல. பிள்ளையும் காதைத் தொட விடல."

"இதுக்குப் பின்னால நாளம் எங்க நிக்குதெண்டு தெரியேல்லையே. திருப்பி எடுப்பமோ?"

அந்த இடத்தில நான் ஆமான்னு சொல்லியிருக்கணும். அரை மணி நேர வேலை. நான் சொன்னது இதுதான்: "மத்தப் பக்கம் நல்லா இருக்கு டாக்டர். நாளம் நல்லாப் பின்னாலதான் இருக்கு. ரெண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதானே இருக்கும். பிள்ளை ஒரு தடவைக்கே துடிச்சுப் போச்சு."

அவர் ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே இருந்துச்சு, அவருக்கும் சீக்கிரம் செஞ்சாகணும். "சரி. நீங்கள் சொன்னால் சரி. நாளைக்குக் காலமை செய்வம்"னார். என் வேலை மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வச்சுத்தான் நான் அந்தப் பிள்ளையைக் கெடுத்தேன்.

இன்னொன்னும் சொல்லணும், இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு. மறுநாள் காதில ஆபரேஷன். அந்தத் தோட்டை எப்படியும் கழட்டத்தான் போறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். காதில நட்சத்திரத்தை வச்சுக்கிட்டு யாராவது காதை வெட்டுவாங்களா? நான் அந்தம்மாவுக்கு எதையும் காப்பாத்திக் கொடுக்கல. கழட்டுற கை என் கையா இருக்க வேணாம்னு மட்டும் பார்த்துக்கிட்டேன். அதுக்கு இரக்கம்னு பேர் வச்சுக்கிட்டேன். தூ.

மறுநாள் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தப்புறம் ஆபரேஷன் அறைக்குள்ள இருந்தவங்க மஞ்சள் நூலை வெட்டித் தோட்டைக் கழட்டி ஒரு காகித உறையில போட்டாங்க. டாக்டர் வெட்டினார். எலும்பு கல்லு மாதிரி. கொஞ்ச தூரம் போனதுமே நாளம் வெடிச்சுது. இருக்க வேண்டிய இடத்துக்கு எவ்வளவோ முன்னால, எலும்புத் தோலுக்கு அடியிலேயே இருந்துச்சாம். அங்க இருந்த மிஸ்ஸி ஒருத்தி அப்புறம் எங்கிட்டச் சொன்னா, தரையெல்லாம் ரத்தம்னு. டாக்டர் துணியை அடைச்சு எப்படியோ ரத்தத்தை நிறுத்திட்டார். ஆனா அதுக்கு மேல எதையும் தொட முடியல. சீழ் இருந்த இடத்திலேயே இருந்துச்சு. அப்படியே கட்டுப் போட்டு ஆம்புலன்ஸ்ல கோலாலம்பூருக்கு அனுப்பினாங்க. முந்தின நாளே போயிருக்க வேண்டிய இடம்.

போய்ச் சேர்ந்தப்ப கிருமி மூளை உறைக்கு ஏறிடுச்சு. பல வாரம் நினைவில்லாமக் கிடந்தா. உயிர் பிழைச்சா. கண்ணைத் திறந்தப்ப ரெண்டு காதும் போயிருந்துச்சு. நல்லா இருந்த இடது காதும்கூட. நேரா நடக்க முடியல, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. அம்மா பேசுறது ஏன் கேட்கலன்னு அவளுக்குப் புரியல. "சத்தமாப் பேசும்மா, சத்தமாப் பேசும்மா"ன்னு அவதான் சத்தமாக் கத்திக்கிட்டே இருந்தாளாம்.

டாக்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லல. ஒரு நாள் என் அறைக்கு வந்து, அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "நான் திருப்பி எடுக்கச் சொல்லியிருக்க வேணும்"னு மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தா நான் நல்லாத் தூங்கியிருப்பேன். அந்த வருஷம் பூரா எனக்குச் சோறு இறங்கல. எதையோ நினைச்சுக்கிட்டே இருந்தா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் போய்ப் படுக்கணும்னு அம்மா திட்டினாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குக்கூட நான் சொல்லல.

இதைவிடக் கொடுமை அடுத்த தீபாவளிக்கு வந்துச்சு. எக்ஸ்ரே அறை வாசல்ல அந்தம்மா, கையில ஒரு டின் முறுக்கு. பக்கத்தில பிள்ளை, காதில அதே தோடு. கோலாலம்பூர்லேயே உறையிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுட்டாங்களாம்.

"மிஸ்ஸி, நீங்க ஒருத்தர்தான் என் பிள்ளை தோட்டைக் கழட்டாம விட்டீங்க. உள்ள இருந்தவங்க எனக்குத் தெரியாம வெட்டிப் புடுங்கிட்டாங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா. இல்லாட்டி இப்படி ஆகுமா? நீங்க நல்லா இருக்கணும் மிஸ்ஸி."

நான் அந்த முறுக்கை வாங்கினேன். வாங்கினேன்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. போலீஸ்காரரைக் கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வச்ச வாய் அது. அந்த டின்னை அப்படியே அபாங்கிட்டக் கொடுத்துட்டேன். அவர் எதுவும் கேட்காம வாங்கிக்கிட்டார். அதுக்கப்புறம் வருஷா வருஷம் வந்தாங்க. முறுக்கு, இல்லாட்டி மரவள்ளிக் கிழங்கு, ஒரு வருஷம் உயிரோட ஒரு கோழி. ஒவ்வொரு தடவையும் "நீங்க ஒருத்தர்தான் மிஸ்ஸி"ன்னு அதே பேச்சு.

பிள்ளை வளர்ந்தா. ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை வச்சாங்க, அவங்க அங்கயேதான் இருந்தாங்க. பள்ளிக்கூடம் நின்னு போச்சு. வீட்டிலேயே சட்டைக்குப் பட்டன் தைக்கிற வேலை. கேட்காமப் போனதால அந்தக் கரகரப்பான குரலும் கொஞ்சம் கொஞ்சமா மழுங்கி, கடைசியில அம்மாவுக்கு மட்டும் புரியிற சத்தமா ஆயிடுச்சு. வெளியாளுங்க முன்னால பேசவே மாட்டா. வாயசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா.

எண்பதுகளோட நடுவில டாக்டர் ஒரு நாள் கையில ஒரு கடிதத்தோட வந்தார். முடியெல்லாம் நரைச்சிருந்துச்சு. அவரும் அந்தப் பிள்ளையை மறக்கல. வெளிநாட்டில இருந்த அவரோட கூட்டாளி ஒருத்தர், உட்காதுக்குள்ள மெல்லிசா ஒரு கம்பியை நுழைச்சு, கருவி வழியாக் கேட்க வைக்கிறாங்கன்னு எழுதியிருந்தாராம். முன்னால கேட்டுப் பேசிப் பழகினவங்களுக்கு அது நல்லா உதவுமாம். பணத்துக்கு ஒரு தர்ம நிதியும் இருக்காம்.

"ஆனால் முதலில படம் வேணுமாம்"னார். "உள்ள நத்தை மாதிரி ஒரு கூடு இருக்குதெல்லோ, அது வெறுமையா இருந்தால்தான் கம்பி போகும். மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளையளுக்கு அதுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைச்சுப் போடும். அடைச்சிருந்தால் கஷ்டம். முழுக்க அடைச்சிருந்தால் எடுக்க மாட்டினம். அதோட நாளம் எங்க நிக்குதெண்டும் இந்த முறை தெளிவாத் தெரிய வேணும்." சொல்லிட்டு என்னைப் பார்க்காம சன்னலைப் பார்த்தார்.

அப்ப எங்ககிட்ட எலும்பை அடுக்கு அடுக்காப் படம் பிடிக்கிற மெஷின் வந்திருந்துச்சு. நான்தான் எடுக்கணும். அவங்களுக்கு ஆள்விட்டுச் சொல்லி வரவழைச்சேன். அந்தம்மா முகத்தில அப்படி ஒரு வெளிச்சம். "கேட்குமா மிஸ்ஸி? அம்மான்னு நான் கூப்பிட்டா திரும்புவாளா?"ன்னு பத்துத் தடவை கேட்டாங்க. பிள்ளைக்குப் பதினெட்டு வயசு இருக்கும். நல்ல சேலை கட்டிவிட்டிருந்தாங்க. காதில தோடு. மஞ்சள் நூல்கூடப் புதுசா மாத்தியிருந்தாங்க.

இந்தத் தடவை கதவைச் சாத்திட்டு அந்தம்மாவை உட்கார வச்சேன்.

"அக்கா, தோட்டைக் கழட்டணும்."

அவங்க ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. நான் விடல. "நான் சொல்லி முடிச்சிடுறேன். அன்னிக்கு நான் கழட்டியிருக்கணும். நான் எடுத்த படத்தில உங்க தோடு விழுந்து, ரத்தம் ஓடுற நாளம் இருந்த இடத்தை மறைச்சிடுச்சு. டாக்டர் திரும்ப எடுக்கலாமான்னு கேட்டார். நான்தான் வேணாம்னேன். தெரிஞ்சிருந்தா அவர் தொட்டிருக்கவே மாட்டார், நேரா கோலாலம்பூருக்கு அனுப்பியிருப்பார். ஆத்தா கோவிச்சுக்கிட்டு நடந்ததில்ல அக்கா. தோட்டைக் கழட்டினதால நடந்ததில்ல. நான் கழட்டாம விட்டதால நடந்துச்சு."

அந்தம்மா மகளைப் பார்த்தாங்க. அவ எங்க ரெண்டு பேர் வாயையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டிருந்தா.

"எனக்குத்தான் பயம்"னாங்க கடைசியில. "நான் படிக்காதவ, ஆத்தாவுக்குப் பயந்தேன். நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு என்ன பயம் மிஸ்ஸி?"

நான் திரும்பி மேசை விரிப்பைச் சரி பண்ண ஆரம்பிச்சேன்.

அவங்க அழல, திட்டல. எழுந்து போயிடுவாங்கன்னு நினைச்சேன், போகவும் இல்ல. பிள்ளைதான் எங்க வாயசைவில எவ்வளவு புரிஞ்சுக்கிட்டாளோ தெரியல, தானாவே கையைத் தூக்கி மஞ்சள் நூலை நகத்தால அறுத்து, திருகைச் சுத்தி, ரெண்டு தோட்டையும் கழட்டி அம்மா மடியில போட்டா. அப்புறம் மேசை மேல ஏறிப் படுத்து, நான் சொல்றதுக்கு முன்னாலயே வலது காதைத் தன் விரலால முன்பக்கமா மடிச்சுப் பிடிச்சுக்கிட்டா. பத்து வருஷத்துக்கு முன்னால நான் செய்யப் பார்த்து முடியாமப் போனதை அவ மறக்கல.

முதல்ல பழைய மாதிரியே ஒரு படம் எடுத்தேன், அப்புறம் அடுக்குப் படங்கள். என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமான படம் நான் எடுத்ததில்ல. டாக்டர் பழைய உறையிலிருந்து அந்த நட்சத்திரப் படத்தை எடுத்துப் பக்கத்தில மாட்டினார். நட்சத்திரம் இருந்த இடத்தில, புதுப் படத்தில நாளத்தோட விளிம்பு கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. எவ்வளவு முன்னால! புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்குக்கூடத் தெரியும்.

அடுக்குப் படங்களை ஒவ்வொண்ணா மாட்டினார். நத்தை இருக்கிற இடத்தில கறுப்பா, சுருளா ஒரு வெறுமை தெரியணும். வலது பக்கம் வெள்ளை. இடது பக்கமும் வெள்ளை. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அடைச்சுப் போட்டுது"ன்னார். "கம்பி போக வழியே இல்லை. அனுப்பினாலும் இதைத்தான் சொல்லுவினம்." அந்தக் கடிதத்தை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சார். "நான் போய்ச் சொல்லட்டோ?"

"நான் சொல்றேன் டாக்டர்"னேன்.

வெளிய நடைவழியில பெஞ்சில ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தாங்க. வெயில் ஏறிடுச்சு, பஸ்ஸுக்குப் போற ஜனம் கேட்டுக்கு வெளிய நடந்துக்கிட்டிருந்துச்சு. அந்தம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னாங்க. முந்தானை முடிச்சை அவிழ்த்து, தோட்டை உள்ளங்கையில எடுத்து நீட்டினாங்க. கோபம் இருந்திருந்தாலும் அப்ப அதையெல்லாம் ஓரமா வச்சுட்டாங்க. கண்ணு ரெண்டும் என் வாயையே பார்த்துச்சு.

"மிஸ்ஸி, இதை என்ன செய்யட்டும்? கோயில் உண்டியலுக்குக் கொண்டு போகட்டுமா, இல்ல திரும்பப் போட்டு விடட்டுமா?"

எலும்பு, அடைப்பு, கம்பி, வெளிநாடுன்னு நான் யோசிச்சு வச்சிருந்த பேச்சையெல்லாம் விட்டுட்டேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி. அதுக்கு ஒரே பதில்தான் இருந்துச்சு.

நான் அவங்க கையிலிருந்து தோட்டை எடுத்தேன். அந்தம்மா அதைப் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டு, பெஞ்சில அப்படியே உட்கார்ந்துட்டாங்க. பிள்ளைக்குப் பின்னால போய் நின்னு, வலது காதைத் தொட்டேன். அவ தலையைச் சாய்ச்சுக் காட்டினா. தோட்டை நுழைச்சு, திருகை வச்சு, சுத்திச் சுத்தி இறுக்கினேன். கை தவறி ஒரு தடவை கொஞ்சம் அழுத்தமா இறுக்கிட்டேன் போல.

பழக்க தோஷம், "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டேன். அவ திரும்பல, முன்னால பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா.